இலக்கம் இட்ட நான்கு குடிசைகள்

தலைமையாசிரியர் அந்தத் தடித்த புத்தகத்தை என் மேசையில் வைத்து, "ரீச்சர், நீங்களும் அலைஞ்சு திரிஞ்ச கணக்கெல்லோ, முதல் நீங்கள் பாருங்கோ" என்றார். நாட்டுச் சனத்தை எண்ணும் குடிசன மதிப்பு எடுத்துச் சில வருடங்கள் கழிந்திருந்தன. அதன் முடிவுகளை அச்சிட்டுப் பாடசாலைகளுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் அதை வாசிக்கக்கூடியவர்கள் இரண்டே பேர், அவரும் நானும்.

புத்தகத்தின் பெரும்பகுதி தலைநகரத்தைப் பற்றியது. கொழும்பில் எத்தனை பேர், அவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள், எந்தச் சமயம், எங்கே பிறந்து எங்கிருந்து வந்து சேர்ந்தார்கள், எந்த வட்டாரத்தில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் படுக்கிறார்கள், எத்தனை வீடுகளில் குழாய்த் தண்ணீர் குசினிக்குள்ளேயே வருகிறது, எத்தனை குடும்பங்கள் தெருக் குழாயில் வரிசை நிற்கின்றன, யாருக்குத் தனிக் கக்கூஸ், யாருக்குப் பொதுக் கக்கூஸ், யார் வீட்டில் மின்சாரம் என்று பக்கம் பக்கமாகப் போனது. துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களும் கந்தோர்களில் எழுதுபவர்களும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். வீடே இல்லாதவர்களுக்கும் ஒரு முழுப் பக்கம் இருந்தது. கடை வாசலில் படுப்பவர்கள், பாலத்தடியில் படுப்பவர்கள், ரயில் நிலையத்து வாங்கில் படுப்பவர்கள்.

அந்த மனிதர்கள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாலத்தடியில் படுப்பவன் என்ன பாவம் செய்தான்? ஆனால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு எங்கள் பகுதியைத் தேடினேன். கடைசிப் பக்கங்களில், வேறு பல ஊர்களோடு சேர்த்து, ஒரு சின்ன வரியில் இருந்தது. நான் தேடியவர்கள் அந்த வரிக்குள்ளும் இல்லை என்பது எனக்குத் தெரியும். புத்தகத்தை நான் அடித்து மூடிய சத்தத்தில் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஏன் அப்படி மூடினேன் என்று தலைமையாசிரியர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் காரணத்துக்குள் என் ஐயாவும் இருக்கிறார், நானும் இருக்கிறேன்.

கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்கு வயலும் மேட்டுக்காணியும் கிடைத்திருந்தன. குடாநாட்டில் மூன்று சகோதரர்களுக்குப் பிரித்தால் ஒரு மாட்டைக் கட்டவும் காணாத துண்டு நிலத்தை விட்டுவிட்டு, ஐயா அரசாங்கம் கொடுத்த காணி பெர்மிட்டோடு எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். காடு வெட்டினார். இரண்டு தடவை மலேரியாக் காய்ச்சலில் கிடந்து எழும்பினார். அவர் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். படிப்பு முடிந்து அதே குடியேற்றத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு உதவி ஆசிரியை வேலை கிடைத்தபோது, "இனி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்று அவர் சொன்னது உண்மை.

குடிசன மதிப்புக்கு ஆசிரியர்களைப் பிடித்தார்கள். எங்கள் வாய்க்கால் கரையிலிருந்து காட்டு எல்லை வரைக்கும் என் பங்கு. பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எங்கள் பக்கத்து மனிதர்தான், குடாநாட்டில் பிறந்து கொழும்பு வெள்ளவத்தையில் வீடு கட்டிக்கொண்டவர். பள்ளிக்கூடத்துக் கதிரையில் சட்டைப் பையிலிருந்த கைலேஞ்சியை உதறி விரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அவர் கொண்டுவந்த மாதிரித் தாள்கள் எல்லாம் தலைநகரத்து ஒழுங்கை ஒன்றில் நிரப்பப்பட்டவை. ஒரு வீட்டில் ஆறு அறை, நான்கு பேர், வேலைக்காரி ஒருத்தி. அதற்கு அடுத்த முடுக்கில் ஒரே அறையில் ஒன்பது பேர், முடுக்குக்கே ஒரு குழாய். அவர் அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தலைநகரம் என்றால் எல்லோருக்கும் மின்விளக்கு என்றல்லவா நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்?

தாளில் தண்ணீருக்கு நான்கு கட்டங்கள் இருந்தன. வீட்டுக்குள் குழாய், வீட்டுக்கு வெளியே குழாய், கிணறு, மற்றவை. நான் எழும்பிக் கேட்டேன்.

"சேர், வாய்க்கால் தண்ணி குடிக்கிறவைக்கு எந்தக் கட்டம்?"

"மற்றவை எண்டு போடுங்கோ."

"குளத்துத் தண்ணி குடிக்கிறவைக்கு?"

"அதுவும் மற்றவைதான், ரீச்சர். எல்லாத்துக்கும் ஒவ்வொரு கட்டம் கீற ஏலுமே?" சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் குரலை உயர்த்தி எல்லோருக்கும் சொன்னார்: "ஒண்டை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ. ஒரு மனிசரும் விடுபடக்கூடாது. கொழும்பிலை நாங்கள் றோட்டிலை படுக்கிறவனையும் தட்டி எழுப்பி எழுதுறம்."

அந்தச் சொல்லை நான் அப்படியே நம்பினேன்.

கணக்கு இரண்டு தடவையாக நடக்கும். முதலில் வீடுகளுக்கு இலக்கம் போட்டு, எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். சில வாரங்கள் கழித்து, குறித்த நாளில் மறுபடியும் போய், அங்கே இருப்பவர்களை முழு விபரத்தோடு எழுத வேண்டும். ஒரு தார்ப் பேணியும் தூரிகையும் தந்தார்கள். சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்த நாட்களில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, நான் வீடு வீடாகப் போய்க் கதவுகளில் இலக்கம் எழுதினேன்.

எங்கள் வயலுக்குப் பின்னால், வாய்க்காலுக்கு அப்பால், எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், நான்கு குடிசைகள் இருந்தன. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை போய், சோறு தேடி இறங்கி வந்த சனம். காட்டுத் தடி நட்டு, மண் அப்பி, வைக்கோல் போட்டிருந்தார்கள். ஐயாவின் வயலிலும் பக்கத்து இரண்டு வயல்களிலும் நாற்று நடுவது, களை பிடுங்குவது, வெட்டுவது எல்லாம் அவர்கள்தான். கூலியாக நெல் கொடுப்போம். ஊரில் அவர்களைத் 'தோட்டக்காட்டுச் சனம்' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டிலும் சொன்னோம். முதலாவது குடிசையில் இருந்த பெண் என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவள். அவளை நான் 'இஞ்சை வா' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அவள் என்னை 'டீச்சரம்மா' என்பாள்.

அன்றைக்குக் கொப்பியோடு போனபோது அவள் சாக்கை உதறி விரித்தாள்.

"உள்ள வாங்க டீச்சரம்மா. என்ன எழுதுறீங்க?"

"நாட்டிலை உள்ள எல்லாரையும் எழுதுறம். உங்கடை வீட்டிலை எத்தினை பேர்?"

"நாலு பேருங்க. நானு, அவரு, ரெண்டு பொண்ணுங்க. மூத்தவன் தோட்டத்துலயே காச்சல்ல போயிட்டான். அவனையும் எழுதுவீங்களா?"

இல்லை என்றேன். அவள் தலையாட்டினாள். பிறகு பயந்தபடி கேட்டாள்: "பிரஜாவுரிமை கேப்பீங்களா? அவரு மனு போட்டாரு, தள்ளிட்டாங்க. நான் இந்த நாட்டுலதான் பொறந்தேன். எங்கம்மாவும் இங்கதான் பொறந்துச்சு."

"அதெல்லாம் இண்டைக்கு இல்லை. இது ஆக்களை எண்ணுறது மட்டும்தான்."

"எழுதினா கூப்பன் குடுப்பாங்களா?"

கூப்பன் அட்டை இருந்தால்தான் சங்கக்கடையில் அரிசி. அந்த நான்கு குடிசைகளில் ஒருவருக்கும் அட்டை இல்லை. ஊரில் அரசாங்க அலுவல் பார்க்கும் விதானையார் எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் கொடுக்கவில்லை. குடிசன மதிப்புக்கும் கூப்பனுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் பெயரைச் சொல்லத் தயங்கினாள். எனக்குப் பொழுது படுமுன் மற்ற மூன்று குடிசைகளையும் முடிக்க வேண்டும். "ஓம், கிடைக்கும்" என்றேன்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த 'ஓம்' என்னைக் குத்துகிறது. அவள் உடனே நான்கு பெயரையும் சொன்னாள். பக்கத்துக் குடிசைகளுக்கும் தானே ஓடிப்போய், "வெளிய வாங்க, கூப்பனுக்கு எழுதுறாங்க" என்று கூப்பிட்டாள். கதவு இல்லாத குடிசைகள். வாசல் தடியில் ஒரு சிராய்ப் பலகையைக் கட்டி, அதில் தாரால் இலக்கம் எழுதினேன். அவளுடைய சின்ன மகள் அந்த ஈரத் தாரில் விரலை வைத்துப் பார்த்துச் சிரித்தது.

அடுத்த நாள் விடியவே ஐயா வயலிலிருந்து வேகமாக வந்தார். மண்வெட்டியை முற்றத்தில் எறிந்தார்.

"என்ன பிள்ளை, வாய்க்காலுக்கு அங்காலையும் இலக்கம் போட்டனியோ?"

"ஓம் ஐயா, போட்டனான்."

"உனக்கென்ன விசரோ? அது வாய்க்கால் ஒதுக்குக் காணி. அதிலை ஆக்களைக் குடியிருத்தி வைச்சிருக்கிறம் எண்டு தெரிஞ்சால் குடியேற்ற உத்தியோகத்தர் என்ரை பெர்மிட்டிலை கை வைப்பான்."

"ஒரு மனிசரும் விடுபடக்கூடாது எண்டு சொல்லியிருக்கினம்."

"இலக்கம் போட்டால் அது வீடு. வீடு எண்டால் நாளைக்குக் காணி கேப்பினம். அதுகளுக்குக் கூலி குடுக்கிறம், அது காணும். நீ போய் அந்தத் தாளைக் கிழி."

"நான் கிழிக்க மாட்டன்."

அம்மா குசினி வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐயா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு விதானையார் வீட்டுப் பக்கம் போனார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவ்வளவு மடைச்சியாக இருந்தேன்.

குறித்த நாள் காலையில், புதுத் தாள்களையும் கூர் சீவிய பென்சில்களையும் எடுத்துக்கொண்டு முதல் வேலையாக வாய்க்காலைத் தாண்டினேன். குடிசைகள் இல்லை. தடிகள் பிடுங்கப்பட்டிருந்தன. மண் சுவர்கள் இடித்துக் கிடந்தன. வைக்கோல் வாய்க்காலுக்குள் மிதந்தது. மூன்று கல் வைத்த அடுப்பு ஒன்று மட்டும் இடியாமல் இருந்தது. என் இலக்கப் பலகைகளைத் தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

பக்கத்து வயல்காரர் தண்ணீர் திருப்பிக்கொண்டு நின்றார். முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "முந்தநாள் அனுப்பியாச்சு. விதானையார் வந்து சொன்னவர். நாங்கள் அஞ்சாறு பேர் போய்ப் பிரிச்சனாங்கள்."

"ஐயாவும் வந்தவரோ?"

"ஐயா இல்லாமல் நடக்குமோ?"

நான் வீட்டுக்குப் போகவில்லை. கொப்பியோடு நேரே விதானையார் வீட்டுக்குப் போனேன். மேற்பார்வைக்கு வந்திருந்த கொழும்பு அதிகாரியும் அங்கேதான் இருந்தார். காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். அதிகாரி புட்டைக் குழைத்தபடியே கேட்டார்.

"இண்டைக்கு அங்கை ஆக்கள் இருக்கினமோ?"

"இல்லை. கலைச்சுப் போட்டினம்."

"அப்ப வெட்டி விடுங்கோ. குறிச்ச நாளிலை இருக்கிறவையைத்தான் எண்ணுறது."

"அவை எங்கையோ ஓரிடத்திலை இருப்பினம்தானே, சேர்?"

"இருந்தால் அங்கத்தை ஆள் எண்ணுவார்."

"காட்டுக்குள்ளை இருந்தால் ஆர் எண்ணுறது? கொழும்பிலை றோட்டிலை படுக்கிறவனையும் தட்டி எழுப்பி எழுதுறம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ரீச்சர், அது கொழும்பு" என்றார்.

விதானையார் சமாதானக் குரலில், "பிள்ளை, உதைப் பெரிசாக்காதை. உன்ரை ஐயாவின்ரை காணியையும் யோசி" என்றார். அதிகாரி கையைக் கழுவித் துடைத்துவிட்டு என் கொப்பியை வாங்கி, சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்து, நான்கு வரிகளிலும் நேராகக் கோடு இழுத்தார். ஓரத்தில் 'ஆட்கள் இல்லை' என்று எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது. நான் அந்தக் கொப்பியைப் பறித்து அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. வாங்கிக்கொண்டு போய், மிச்ச வீடுகளை எழுதி முடித்தேன். எங்கள் வீட்டையும் எழுதினேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஐயாவின் பெயரை எழுதும்போது பென்சில் முனை உடைந்தது.

அன்று பின்னேரம் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அதுகளை எங்கை போகச் சொன்னனீங்கள்?"

"எங்கையும் போகட்டும். காடு பெரிசுதானே."

அதற்குப் பிறகு அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பேன், எடுப்பேன். அம்மா இடையில் நின்று, "ஐயா கேக்கிறார்", "பிள்ளை சொல்லுது" என்று எங்கள் இரண்டு பேருக்கும் வாயாக இருந்தார்.

சிறுபோக நெல் விளைந்தது. ஒரு மாதத்துக்குள் கதிர் சாய்ந்து நின்றது. கதிர் அறுக்கும் அருவி வெட்டுக்கு ஆள் இல்லை. அப்போதுதான் எங்கள் வாய்க்கால் கரைக்காரர் எல்லோரும் விழித்தார்கள். பக்கத்து வயல்காரர் நெளுக்குளத்திலிருந்து தன் மச்சான்மாரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐயாவுக்கு அப்படி வரக்கூடியவர்கள் இல்லை. தர்மபுரம் பக்கத்தில் ஒரு காட்டு ஓரத்தில் அந்தச் சனம் இருப்பதாக யாரோ சொல்ல, ஐயா அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து நேரே சொன்னார்.

"நீ போய்க் கேட்டுப் பார். உன்ரை சொல்லுக்கு வருவினம்."

சைக்கிளை எடுத்தேன். அவர்களைக் கூப்பிடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஒரு பாலை மரத்தைச் சுற்றி இரண்டு குடிசைகள்தான் புதிதாக இருந்தன. மற்ற இரண்டு குடும்பங்கள் இன்னும் தள்ளிப் போய்விட்டனவாம். அவள் வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கோடரியை நிறுத்தினாள். இந்தத் தடவை சாக்கை விரிக்கவில்லை.

"ஐயா வெட்டுக்குக் கூப்பிடச் சொன்னவர்" என்றேன். "நான் அதுக்கு வரேல்லை அக்கா. உங்களைப் பாக்கத்தான் வந்தனான்."

அக்கா என்று அவளை அன்றுதான் முதலில் சொன்னேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"கூப்பன் கிடைக்கும்னு சொன்னீங்களே" என்றாள்.

நான் சைக்கிளை மரத்தில் சாய்த்தேன்.

"நீங்க சொன்னீங்கன்னு நான் போயி எல்லாரையும் கூட்டியாந்தேன். இப்ப அவங்க எல்லாம் என்னைத் திட்டுறாங்க. உன்னாலதான் பலகை மாட்டினாங்க, பலகையப் பாத்துத்தான் அடிச்சு வெரட்டினாங்கன்னு. சின்னதுக்குக் காச்சல், தூக்கிக்கிட்டே நடந்தோம். உங்க அப்பாதான் எங்க கூரைய மொதல்ல பிடுங்கினாரு. அதுக்கு முந்துன வாரந்தான் அவர் வயல்ல களை எடுத்தோம்."

"நான் பொய் சொன்னனான்" என்றேன். "கூப்பன் கிடைக்காது எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் பிளந்த விறகை ஒரு பக்கமாக அடுக்கினாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை.

"சின்னவளுக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டேன்.

"இருக்கா."

"இஞ்சை ஆரும் வந்து உங்களை எழுதினவையோ?"

"யாரும் வரல. வந்தாலும் சொல்ல மாட்டோம்." கோடரியை மறுபடியும் எடுத்தாள். "வெட்டுக்கு வர மாட்டோம்னு உங்க அப்பாகிட்ட சொல்லிடுங்க. பட்டினி கெடந்தாலும் அந்த வாய்க்காலத் தாண்ட மாட்டோம். நீங்க போங்க டீச்சரம்மா. இருட்டுறதுக்குள்ள போங்க."

சைக்கிளில் திரும்பும்போது எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த அதிகாரி மீது, அவருடைய வெள்ளைக் கைலேஞ்சி மீது, விதானையாரின் சமாதானக் குரல் மீது. எல்லாவற்றையும்விட, பொழுது படுகிறது என்பதற்காக ஒரு பொய்யைச் சொன்ன என் வாய் மீது. நான் அந்த இலக்கத்தைப் போடாமல் விட்டிருந்தால் அவர்கள் அங்கேயே இருந்திருப்பார்கள். போட்டதால் துரத்தப்பட்டார்கள், போடாமல் விட்டிருந்தால் கணக்கிலே இல்லாதவர்கள். இந்த இரண்டையும் தவிர மூன்றாவது வழி ஒன்றை இந்த நாட்டில் யாரும் அவர்களுக்கு வைக்கவில்லை.

ஐயா வாசல் படலையடியில் காத்து நின்றார்.

"வருவினமோ?"

"வர மாட்டினம்."

"நன்றி கெட்ட சனம்" என்றார்.

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. "நீங்கள்தான் முதல் கூரையைப் பிடுங்கினனீங்கள். முதல் கிழமை களை எடுப்பிச்சுப் போட்டு, அடுத்த கிழமை காய்ச்சல் பிள்ளையோடை கலைச்சனீங்கள். ஆர் நன்றி கெட்ட சனம்?"

எங்கள் ஊரில் மகள் அப்படிக் கதைப்பது வழக்கம் இல்லை. ஐயாவின் கை ஓங்கியது, அப்படியே நின்றது, பிறகு கீழே போனது. அம்மா ஓடி வந்து என்னை உள்ளே இழுத்தார்.

விடிய ஐயா அரிவாளை எடுத்துக்கொண்டு தனியே வயலுக்குப் போனார். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. அம்மாவும் நானும் பின்னால் போனோம். அவரில் இரக்கப்பட்டு நான் போகவில்லை. அது நாங்கள் சாப்பிடுகிற நெல், அதை வெட்டுவது என்ன வேலை என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. இடுப்பு நிமிர மறுத்தது. பழுத்துப் போயிருந்த கதிர், தொட்ட இடமெல்லாம் கொட்டியது.

நிழலில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது ஐயா என்னைப் பார்க்காமல் கேட்டார்: "அவள் என்ன சொன்னவள்?"

ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். என் பொய்யையும் சொன்னேன். அவர் கேட்டு முடிந்ததும் செம்பைக் கீழே வைத்து, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடியும் வயலுக்குள் இறங்கினார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு முன்னால் குனிந்து வெட்டிக்கொண்டு போன அவருடைய முதுகைப் பார்த்தபடி நானும் வெட்டினேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. பள்ளிக்கூட நாட்களில் வகுப்பு விட்ட பிறகு நான் வயலில் இறங்கினேன், அந்த வெட்டு முடிய எங்கள் மூன்று பேருக்கும் பதினொரு நாள் எடுத்தது. பாதி நெல் நிலத்தில் உதிர்ந்து போனது.